அம்பத்தஞ்சுக்கு அப்புறம்

பெரியப்பா இறந்தபோது அவருக்கு வயது 54. சேமநிதிப் பணம் முழுதாகக் கைக்கு வர இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. இந்தக் கணக்கு நான் போட்டதல்ல, அவரே போட்டு வைத்திருந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்குப் போயிருந்தபோது சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி, "இன்னும் ஒம்பது மாசம்டா. அதுக்கப்புறம் பாரு உங்க பெரியப்பன" என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாற உட்கார்ந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் சாவு வீடு என்றால் தாமான் சாலையில் பாதியை அடைத்துக் கூடாரம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் கோப்பி. ராத்திரி முழுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதால் ஒரு மூலையில் சீட்டுக்கட்டு. சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த மூலை பிடிக்கும். அன்றைக்கு அங்கே பெரியப்பாவோடு தோட்டத்தில் வளர்ந்த நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு வயதில் அவர் கிராணி வீட்டு வாத்தைத் திருடப் போய், வாத்து துரத்தி, கால்வாயில் விழுந்த கதையை ஒருவர் சொன்னார். இன்னொருவர் வாத்து மாதிரியே கத்திக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். உடனே உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து, "சாவு வூட்டுல என்னா சிரிப்பு? அறிவில்ல?" என்றார். அடங்கிவிட்டோம்.

மறுநாள் பெட்டி எடுப்பதற்கு முன்பு ஒருவர் மைக் பிடித்தார். நாற்பது நிமிடம். இந்த உடம்பு ஓட்டைப் பானை, பணம் கூட வராது, பெண்டாட்டி பிள்ளை கூட வராது, எல்லாம் நீர்க்குமிழி, ஆகவே ஆசைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். கையைப் பெட்டியின் பக்கம் நீட்டி நீட்டிப் பேசினார். எனக்குத் துக்கத்தை மீறிக் கோபம் வந்தது. யாரைக் காட்டி யாருக்குச் சொல்கிறார் இவர்? பெட்டிக்குள் படுத்திருந்தவரைவிடக் குறைவாக ஆசைப்பட்ட மனிதர் அந்தத் தாமானிலேயே இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, கிள்ளான் பக்கம் தொழிற்சாலைக்குப் போய், வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்து முப்பது வருடம் ஓட்டியவர். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும், அம்பத்தஞ்சுக்கு அப்புறம். பெர்ணம் ஆற்றில் படகெடுத்து மீன் பிடிக்க வேண்டும், அம்பத்தஞ்சுக்கு அப்புறம். தூண்டில் வாங்கியாகிவிட்டது, பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் கல்யாணத்துக்கு வந்த பன்னிரண்டு பீங்கான் தட்டுகள் இருந்தன, ஓரத்தில் நீலப் பூ போட்டவை. நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்தது. அந்த நல்ல நாள் அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. அன்றைக்குத்தான் அந்தத் தட்டுகளில் முதன்முதலாகச் சோறு விழுந்தது.

நான் சண்டை போட வந்திருப்பது அந்த மைக்கோடுதான். அது ஒரு ஆளின் கையில் இருந்த மைக் மட்டும் இல்லை. சாவைக் காட்டி வாழ்க்கையைக் கண்டிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. செத்துப்போவாய், ஆகவே சிரிக்காதே. செத்துப்போவாய், ஆகவே பூ வைக்காதே, நல்ல சட்டை போடாதே. ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இது தலைகீழாக இருப்பது தெரியும். கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் அதை எடுத்துச் சாப்பிடுவார்களா, மூடி வைப்பார்களா?

இதைத் தமிழ் மரபு என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. எந்தத் தமிழ் மரபு? புறநானூற்றின் 192ஆம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதாவது அதன் முதல் வரி தெரியும். நம் நாட்டில் தமிழ் மண்டபமென்று ஒன்று இருந்தால் அதன் சுவரில் அந்த வரி இருக்கும். மிச்ச வரிகளைப் படித்தவர்களை எண்ண ஒரு கை போதும். அதில் கணியன் பூங்குன்றனார் சாவைப் பற்றித்தான் பேசுகிறார். சாவு புதிதல்ல, வாழ்வது இனிமையென்று நாங்கள் மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்துக் கசந்ததும் இல்லை, பாறையில் மோதி ஓடும் ஆற்றோடு போகும் மிதவை மாதிரி உயிர் போகிறது என்கிறார். பெரிய பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் சாவு வீட்டு மைக்குக்கு இது ரொம்ப வசதியான பாட்டும்கூட. மகிழாதே என்பதற்கு ஈராயிரம் வருடத்துச் சான்றிதழ்.

பக்கத்தைத் திருப்புங்கள். 193, ஓரேருழவர். தோலை உரித்து விரித்தது போன்ற வெள்ளைக் களர் நிலம். அதில் ஒருவன் ஒரு மானைத் துரத்துகிறான். மான் ஓடிப் பிழைத்துவிடலாம். அதுபோல நானும் தப்பிவிடலாம், ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை என் காலைக் கட்டுகிறது என்கிறார் புலவர். பெரியப்பாவின் வாழ்க்கை வரலாறு இதைவிடச் சின்னதாக எழுத முடியாது. இரண்டு தங்கச்சிகள் கல்யாணம், ஒரு தம்பி படிப்பு (அந்தத் தம்பி என் அப்பா), பிறகு பிள்ளைகள்.

இன்னொரு பக்கம். 194, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை. இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒரு பக்கம் கணவனோடு கூடி இருப்பவள் பூச்சூடியிருக்கிறாள், இன்னொரு பக்கம் பிரிந்தவள் கண்ணில் நீர் வடிகிறது. ஒரே ஊர், ஒரே நேரம். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் பண்பு கெட்டவன் என்று நேராகவே திட்டிவிடுகிறார். பிறகுதான் சொல்கிறார், இந்த உலகம் கொடுமையானது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணுங்கள் என்று. எனக்குத் தெரிந்து இந்த வரியை எந்த மண்டபத்தின் சுவரிலும் யாரும் எழுதவில்லை. பழைய உரைகாரரும் விடவில்லை. 'இனியவை' என்றால் வீட்டின்பம் தரும் நற்செயல்கள் என்று பொருள் சொல்லி, பாட்டை மேலுலகத்துக்கு அனுப்பிவைத்தார். பாட்டிலே இருப்பது முழவும் பூவும் கண்ணீரும். மேலுலகம் எங்கே வந்தது?

கவனியுங்கள், நன்கணியார் முதலில் கோபப்படுகிறார். கொடுமையைக் கொடுமை என்று சொன்னபிறகே இனியதைக் காணச் சொல்கிறார். 'எல்லாம் நன்மைக்கே' பேர்வழி அல்ல. 192க்கும் 194க்கும் நடுவில் ஒரே ஒரு பாட்டுதான். உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்து நூற்றுமுப்பது வருடம் ஆகிறது. அந்த இரண்டு பக்கத்தைத் திருப்ப நமக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் 194 புரியாமல் போகாது. 2025 மே மாதம் சித்ரா பௌர்ணமி. தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயில் திருவிழா எங்களுக்கெல்லாம் வருடத்தின் உச்சம். ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, சுற்றியிருக்கும் தோட்டங்கள் எல்லாம் அங்கேதான் போகும். காவடி, உறுமி, தண்ணீர்ப் பந்தல். அந்தக் கூட்டத்துக்குப் பாதுகாப்புக்கு வந்திருந்த கலகத் தடுப்புப் போலீசார் வேலை முடிந்து திரும்பினார்கள். மே 13 காலை, சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் அவர்கள் லாரியும் கல் ஏற்றி வந்த ஒரு லாரியும் மோதின. ஒன்பது பேர் இறந்தார்கள். எங்கள் காதில் உறுமிச் சத்தம் இன்னும் அடங்கவில்லை, அவர்கள் வீட்டில் அழுகை. அடுத்த மாதம் ஜூன் 9, அதே பேராக்கில், கெரிக் பக்கம் பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள்.

அந்த வாரம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் சொன்னார், "பாத்தியா, இதுக்குத்தான் சொல்றது, ரொம்ப ஆடக் கூடாதுன்னு." ஆடியது யார், இறந்தது யார்? செத்தவர்கள் ஆடவில்லை, இன்னொருவர் ஆடுவதற்குக் காவல் நின்றவர்கள். நம் திருவிழாவுக்காக ராத்திரி முழிச்சவர்கள். அவர்களை நினைக்க எனக்குத் தெரிந்த வழி, அடுத்த வருடம் திருவிழாவை இன்னும் நன்றாக நடத்தி, அவர்களுக்கு ஒரு நிமிடம் உறுமியை நிறுத்துவது. அப்புறம் திரும்ப அடிப்பது. பாரம் ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையில் எப்படிப் போகின்றன என்று கேள்வி கேட்பது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நன்கணியார் சொன்னது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

வள்ளுவரையும் இந்த மைக் விட்டுவைக்கவில்லை. நிலையாமை 34ஆம் அதிகாரம். துறவறவியலில், அதாவது துறவிகளுக்கான பகுதியில் இருக்கிறது. பத்துக் குறள். அதிலேகூட அவர் அவசரப்படுத்துகிறாரே தவிர, முடங்கச் சொல்லவில்லை. விக்கல் வந்து நாக்கு அடங்குமுன் நல்லதைச் செய்துவிடு, செல்வம் வந்தால் உடனே நிலைப்பதைச் செய் என்கிறார். இப்போதே என்பதுதான் அங்கே சேதி. இன்னொரு பக்கம் காமத்துப்பால், 25 அதிகாரம், 250 குறள். புத்தகம் முடிவதே ஊடலுவகையில், காதலர்கள் சண்டை போட்டுச் சேரும் சந்தோஷத்தில். பத்துக்கு எதிராக இருநூற்றைம்பது. எங்கள் பள்ளியில் பதினொரு வருடம் குறள் படித்தோம், மூன்றாம் பாலிலிருந்து ஒன்றுகூட இல்லை. வயசுப் பிள்ளைகள் கெட்டுப் போவார்களாம். நிலையாமை மட்டும் மனப்பாடப் போட்டியில் தவறாமல் வரும். பதினைந்து வயதுப் பையனுக்குத் துறவியின் பாடம். நான் அதில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

சரி, மைக்குக்கு எதிர்க் கட்சி ஒன்று இருக்கிறதே, தன்முனைப்புப் பேச்சாளர்கள். 'இன்றைக்கே கடைசி நாள் என்று நினைத்து வாழு.' இதைச் சொல்ல முந்நூறு ரிங்கிட் கட்டணம், மதியச் சாப்பாடு சேர்த்து. இவர்களையும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு உண்மையிலேயே கடைசி நாள் என்றால் நான் வேலைக்குப் போக மாட்டேன், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன், பாதி படித்த நாவலைத் தொட மாட்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டு கிடப்பேன். அது சந்தோஷமா? சந்தோஷத்துக்கு நாளை வேண்டும். ஆனால் அந்த நாளைக்கு உத்தரவாதம் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே கையில் பிடிக்கிற சாமர்த்தியத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

என் வேலையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரப் பொறியாளன். உள்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம், ரொம்பப் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பேரிங் வாங்கினால் அதன் பட்டியலில் 'எல்10 ஆயுள்' என்று ஒரு எண் இருக்கும். இத்தனை சுற்று ஓடும் என்று பலர் அதைப் படிப்பார்கள். தப்பு. ஒரே மாதிரி நூறு பேரிங்கை ஒரே மாதிரி ஓட்டினால் தொண்ணூறு அந்த எண்ணைத் தாண்டும், பத்து அதற்கு முன்பே போய்விடும் என்பதுதான் அர்த்தம். உங்கள் கையில் இருக்கும் ஒற்றை பேரிங் அந்தத் தொண்ணூறில் ஒன்றா, பத்தில் ஒன்றா? யாராலும் சொல்ல முடியாது. ஐம்பத்தைந்து என்பதும் அப்படி ஒரு எண்தான். நாம் அதைச் சத்தியப் பிரமாணம் மாதிரி எடுத்துக்கொண்டோம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஆலையில் முக்கியமான பம்புகள் எல்லாம் இரட்டையாக இருக்கும், ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். காத்திருக்கும் பம்பு புதுசாகவே இருக்கும் என்றுதானே நினைப்போம்? இருக்காது. பக்கத்துப் பம்பின் அதிர்வு தரை வழியாக ஏறி, சுழலாமல் நிற்கும் பேரிங்கின் குண்டுகளை ஒரே இடத்தில் உராய வைத்துக்கொண்டே இருக்கும். வளையத்தில் வரிசையாகப் பள்ளம் விழுந்துவிடும். அவசரத்துக்குப் போட்டால் அலறும். அதனால் நாங்கள் இரண்டையும் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஓடாமல் சேமித்து வைத்தால் ஆயுள் கூடும் என்பது இரும்புக்கே பொய். ஐம்பத்தைந்துக்கு அப்புறம் சிரிக்கிறேன் என்று வைத்திருந்தவர்கள், அந்த வயது வந்ததும் சிரிக்க முடியாமல் வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதை எங்கள் தாமானில் வரிசையாகக் காட்ட முடியும்.

சேமநிதி வாரியத்தின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஐம்பதிலேயே ஒரு பகுதியை எடுக்கலாம், பெரியப்பா எடுக்கவில்லை. 2024 மே 11 முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கும் வந்துவிட்டது. கோவிட் காலத்தில் சிறப்பு அனுமதிகளில் மக்கள் வெளியே எடுத்த தொகை 145 பில்லியன் ரிங்கிட். அதில் பெரும்பகுதி யாரும் கூத்தடிக்க எடுத்ததல்ல, சோற்றுக்கு எடுத்தது. எனவே சேமிக்காதே, எடுத்துச் செலவழி என்று நான் சொல்வதாக யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். பணத்தை ஐம்பத்தைந்துக்கோ அறுபதுக்கோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தையும் சேர்த்து ஏன் அதே கணக்கில் போடுகிறீர்கள்? பெர்ணம் ஆறு பெரியப்பா வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். தூண்டில் வீட்டில் இருந்தது. புழு இலவசம்.

நமக்கு இதில் தாமதிக்க வழியும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களில் மட்டும் 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட சமூகம் மகிழ்ச்சியைக் கடைசிக்கு ஒத்திவைப்பது என்றால், வாங்கவே போவதில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

இங்கே என் பாட்டியைக் கொண்டுவர வேண்டும், அதுவும் எனக்கு முழுக்கச் சாதகமாக இல்லாத ஒரு சாட்சியாக. பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனான். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். பாட்டி கைக்குழந்தை. அப்பா முகம் தெரியாது. நிலையாமையை அவருக்கு யாரும் மைக்கில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டிதான் எங்கள் குடும்பத்திலேயே அதிகம் சிரித்தவர். காலையில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகும்போதும் தலையில் பூ இருக்கும். பழம் பொறுக்கப் போறதுக்கு என்னா பூ என்று பக்கத்து லயத்துக்காரம்மா கேட்டால், "சாயங்காலம் வாடிரும்ல, அதுக்குத்தான் காலையில வைக்கிறன்" என்பார். சாப்பாட்டில் முதலில் இனிப்பைத்தான் எடுப்பார். "சோறு எங்க ஓடிப் போகுது, மொதல்ல இதத் தின்னு." எழுபது வயதில் ரம்புத்தான் கன்று நட்டார். காய்க்க எத்தனை வருடமாகும் என்று அப்பா கேட்டதற்கு, "நான் திங்கிறதுக்கா நட்டேன்? நடுறது நல்லா இருக்கு, நட்டேன்" என்றார். அந்த மரத்தில் அவரும் மூன்று பருவம் தின்றார்.

இனிப்பு அவருடைய இடது கால் விரல் இரண்டை எடுத்துக்கொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தார் (மருதாணி மிச்சம்), ஆனால் கட்டுப் பிரிக்கும்போது ராத்திரியில் முனகியதை நான் கேட்டிருக்கிறேன். ஆகவே பாட்டியைப் போல வாழுங்கள் என்று எழுதி முடிக்க எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. பூ சரி. கன்று சரி. இனிப்பில் பாதி சரி. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க கிளினிக்குக்குப் போவதும் வாழ ஆசைப்படுகிறவன் செய்கிற வேலைதான். அதேபோல, தோட்டத்தில் சந்தோஷம் என்ற பெயரில் சம்சு எத்தனை ஆண்களைத் தின்றது என்று எனக்குத் தெரியும், என் தாய்வழித் தாத்தா அதில் ஒருவர். அவர் குடித்தது மகிழ்ச்சிக்கு அல்ல, மறப்பதற்கு. மறக்க வேண்டியிருந்த ஒரு வாழ்க்கையை அவருக்குக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் தனிக் கட்டுரை.

இப்போது எழுதுகிறவர்களிடம் வருகிறேன். இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கதை எழுதுகிறோம், நானும் இரண்டு எழுதி மூடி வைத்திருக்கிறேன். நம் தோட்டக் கதைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். குடிகார அப்பா, தண்டல் ஏச்சு, கடைசிப் பத்தியில் ஒரு பிணம், கூரையில் மழை. துயரம் உண்மை, அதை எழுதியதில் தப்பில்லை. ஆனால் அந்த லயத்தில் யாருமே சிரிக்கவில்லையா? திடலில் திரை கட்டிப் படம் காட்டிய ராத்திரியில், திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எம்.ஜி.ஆரை இடது கையால் கத்தி சுழற்றுகிறவராகவே பார்த்து வளர்ந்த ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதையை யார் எழுதியது? சாவைத் துயரத்துக்கு மட்டும் வாடகைக்கு விடும் கதைகளும் அந்த மைக்கின் நீட்சிதான். கொஞ்சம் நல்ல தமிழில் பேசுகிற மைக்.

கு. அழகிரிசாமி ஐம்பதுகளில் இங்கே வந்து தமிழ் நேசனில் இருந்தார், இந்த நாட்டில் எழுதவந்த பலருக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் வறுமை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கொண்டாட்டம் இருக்கிறது. கஷ்டப்படுகிற ஒரு வீடு, யாருமில்லாத ஒரு சிறுவனுக்குத் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வீட்டில் இருக்கும் துணியைக் கொடுக்கிறது. அவ்வளவுதான். படித்த ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும், ஆனால் அது அழுகை இல்லை. நம் ஆசான்களில் ஒருவரிடம் இது இருக்கும்போது, நாம் ஏன் இன்னும் பிணத்தைத் தேடிக்கொண்டு அலைகிறோம்?

அழகிரிசாமி 46 வயதில் இறந்தார். புதுமைப்பித்தன் 42. கு.ப.ரா. 42. பாரதி 38. நவீனத் தமிழைக் கட்டியவர்களில் இத்தனை பேர் நம் சேமநிதி வயதை எட்டவில்லை. அம்பத்தஞ்சுக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இவர்கள் இருந்திருந்தால் நாம் இன்றைக்கு எதைப் படித்துக்கொண்டிருப்போம் என்று சும்மா ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

"எழுதறவுங்களுக்கு அது சரி தம்பி, பன்னெண்டு மணி நேரம் வேலை செய்றவனுக்கு ஏது நேரம்?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. எங்கள் ஆலையிலும் அப்படித்தான். செம்பனைக் குலையை வெட்டிவிட்டால் உள்ளே அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், ஒரு நாளுக்குள் அவித்தாக வேண்டும். விளைச்சல் காலத்தில் ராத்திரி பகல் தெரியாது. குலைக்கு இருக்கிற அவசரத்தை மதிக்கிற முதலாளி உலகம் மனுசனின் சாயங்காலத்துக்கு அந்த அவசரம் இருப்பதை மதிக்காது. அதனால்தான் சொல்கிறேன், மகிழ்ச்சியை மனப்பக்குவம் என்று மட்டும் பேசி ஒப்பேற்ற முடியாது. ஓவர்டைம் வேண்டாம் என்று ஒரு ஞாயிறு சொல்ல முடிவது, அப்படிச் சொன்னால் வேலை போகாமல் இருப்பது, மாதச் சம்பளம் மாதத்துக்குப் போதுவது, இவையும் அதில் சேர்த்தி. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிச்ச நேரத்தில் படுத்துக் கிடக்கவா போராடினார்கள்? ஆட வேண்டும், பாட வேண்டும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசார் மாலாம் போக வேண்டும் என்றுதான். சாவு வீட்டில் ஆசையைக் குறை என்று பேசுகிறவர், சம்பளத்தைக் கூட்டு என்று ஒரு தடவை பேசி நான் கேட்டதில்லை.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தூண்டிலின் உறையை நான்தான் பிரித்தேன், போன வருடமே. மீன் பெரிதாக ஒன்றும் மாட்டவில்லை, இரண்டு கெளுத்தி, விரலில் ஒரு முள். பெரியம்மா அந்தக் கெளுத்தியையே புளி கரைத்துக் குழம்பு வைத்து, நீலப் பூத் தட்டில் ஊற்றிக் கொடுத்தார். காரியத்துக்கு அப்புறம் அந்தத் தட்டுகள் திரும்ப அலமாரிக்குள் போகவில்லை. கழுவும்போது என் கை தவறி ஒன்று விழுந்து உடைந்துவிட்டது. நான் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "போவுது போ. இன்னும் பதினொன்னு கெடக்கு. கால்ல குத்திக்காம கூட்டிப் போடு, கோப்பி கலக்குறேன்" என்றார்.